லீவில் போன வார்த்தைகளும் ஐந்து முறை விழுந்த மூட்டைகளும்

சென்ற வாரம் ஜெனிபர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அதே கப்பல் ஏஜென்ட் ஆபீசில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நாற்காலியின் இடது கை ஆடும். ரிட்டையர் ஆகும்போது அதையும் சேர்த்துத்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

படத்தில் இருந்தது அவள் எழுதிய இங்கிலீஷ் மெயில். கப்பலைக் குறிக்கிற 'வெசல்' என்ற வார்த்தை வருகிற இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு. எழுத்தைத் திருத்திக் கொடுக்கிற ஏதோ ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்களாம். இந்த வார்த்தை ஒன்பது தடவை வந்துவிட்டது, வேறு வார்த்தைகளைப் போட்டால் நன்றாக இருக்குமே என்று அது யோசனை சொல்லியிருந்தது. கீழே ஜெனிபர் கேட்டிருந்தாள்: "சார், மாத்திரவா?"

கேள்வி இரண்டு வார்த்தை. பதிலையும் அவ்வளவில் முடித்திருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. அந்தச் சிவப்புக் கோட்டை எனக்குத் தெரியும். முன்பு அதைப் போட ஒரு பேனா இருந்தது. பேனாவைப் பிடிக்க ஒரு கை, கையை மூட ஒரு முழுக்கைச் சட்டை, சட்டைக்கு மேலே எட்வின் சார்.

நான் உடன்குடிக்காரன். அப்பா வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு தமிழில். கல்லூரியில் இங்கிலீஷும் இருந்தது, நானும் இருந்தேன். ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. பிறகு டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணினேன். அர்த்தம் தெரியாத இங்கிலீஷைப் பிழையில்லாமல் வேகமாக அடிக்க வரும். அந்தத் தகுதியில்தான் பீச் ரோட்டு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன்.

கப்பல் ஏஜென்ட் என்றால், வருகிற கப்பலுக்கு ஊரில் உள்ள சொந்தக்காரன் மாதிரி. அது வருமுன் நிற்க இடம் கேட்க வேண்டும். வந்தபின் தண்ணீர், டாக்டர், ரிப்பேர்காரன் எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். போகும்போது காகிதம் கொடுத்து வழியனுப்ப வேண்டும். இத்தனையும் அந்தக் காலத்தில் கடிதத்தால் நடந்தன. எந்தக் கடிதமும் மேனேஜர் எட்வின் சார் கையெழுத்து இல்லாமல் வாசல் தாண்டாது.

எட்வின் சார் நாசரேத்துக்காரர். தாத்தா, அப்பா, மூன்று அத்தைகள் எல்லாரும் வாத்தியார்கள். இவரும் ஆகியிருக்க வேண்டியது. எப்படியோ வழி தவறிக் கப்பல் பக்கம் வந்துவிட்டார். அதனால் கப்பல்களுக்குப் பாடம் நடத்தினார். ஆபீசுக்குள் அவர் வாயிலிருந்து தமிழ் வந்து நான் பல வருடம் கேட்டதில்லை. எங்களையெல்லாம் மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவார். பெருக்க வருகிற அம்மாள் 'மேடம்'. டீ சொல்வதுகூட இங்கிலீஷில்தான்; அது ஒரு முழு வாக்கியமாக, கமா வைத்து வரும். டீக்கடைக்காரர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன சார்?" என்பார். சார் விரலைக் காட்டுவார். இனி இந்தக் கட்டுரையில் அவர் தமிழில் பேசினால், இரண்டு இடங்கள் தவிர, மொழிபெயர்த்தவன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே ஓர் இழுப்பறை, கீழே ஓர் இழுப்பறை. மேலே இருந்தவை அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, பின்பக்கம் அதே அர்த்தமுள்ள மற்ற வார்த்தைகள். எல்லாம் அவர் கையெழுத்து. எங்கள் ஆபீஸ் சட்டம் ஒன்றுதான்: ஒரு கடிதத்தில் ஒரு வார்த்தை ஒரு தடவைதான் வரலாம். 'தி', 'ஆஃப்', 'அண்ட்' போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அவை சுமை தூக்குகிறவை, எத்தனை நடை வேண்டுமானாலும் நடக்கலாம் என்பார். மற்றபடி முதல் பத்தியில் 'ஷிப்' வந்தால் அடுத்ததில் 'வெசல்', அதற்கடுத்ததில் 'கிராஃப்ட்'. நாலாவது பத்தி எழுத நேர்ந்தால் கப்பலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரே வாரத்தில் நாலு கடிதங்களில் வேலை செய்துவிட்ட வார்த்தை களைத்துப்போயிருக்கும் என்று அவர் நம்பினார். அதற்கு லீவு. அட்டையை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் திரும்பும் நாளைக் குறித்து, கீழ் இழுப்பறையில் படுக்க வைத்துவிடுவார். நாங்கள் கடிதம் எழுதுமுன் கீழ் இழுப்பறையைத் திறந்து, யார் யார் லீவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புது வார்த்தை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கடிதத்தில் பொருத்தினால் ஒரு மக்ரூன் கிடைக்கும். அவர் மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மக்ரூன் இருக்கும். முந்திரிப்பருப்பில் செய்தது, வாயில் போட்டால் கரையும். நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது மொழிப்பற்றினால் அல்ல என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு வாரம் 'ப்ளீஸ்', 'கைண்ட்லி', 'ரெக்வெஸ்ட்' மூன்றும் சேர்ந்தாற்போல் லீவில் போய்விட்டன. அன்று பார்த்து ஒரு கப்பலுக்குக் குடிதண்ணீர் வேண்டும். கேட்கிற வார்த்தை எதுவும் இல்லாமல் தண்ணீர் கேட்டாக வேண்டும். 'உங்கள் தண்ணீர் லாரி எங்கள் கண்ணில் பட்டால் நாங்கள் நிலாவுக்கு மேலே இருப்போம்' என்கிற அர்த்தத்தில் ஒரு மரபுத்தொடரைப் போட்டு அனுப்பினேன். லாரி வரவில்லை. மத்தியானம் லாரிக்காரர் கடிதத்தோடு நேரில் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, யாரோ நம்ம ரெண்டு பேருக்கும் சண்ட மூட்டி விடப் பாக்கான். இதுல என்னமோ நிலாவப் பத்திப் போட்டிருக்கு. ஒங்களுக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"வேணும்."

"இத எழுதிருக்கலாம்லா?"

எழுதியிருக்கலாம்தான். ஆனால் 'வான்ட்' புதன்கிழமையிலிருந்து லீவு.

கப்பலில் ஏறிக் கேப்டனைப் பார்க்கிற வேலையும் எனக்குக் கொடுத்தார்கள். கேப்டன்கள் பல நாட்டுக்காரர்கள். பெரும்பாலோருக்கு இருநூறு முந்நூறு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். அதை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றிவிடுவார்கள். எட்வின் சார் தினமும் காலையில் எனக்கு ஒரு மரபுத்தொடர் கொடுத்து, கப்பலில் பயன்படுத்திவிட்டு வந்து ரிப்போர்ட் சொல்லச் சொல்வார். ஒருநாள் மூன்று சேர்ந்துவிட்டன. ஒரு தாடிக்காரக் கேப்டன் முன்னால் நின்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஃபிடில் மாதிரி நலமாக இருக்கிறீர்களா என்று விசாரித்து, காதைக் கொஞ்சம் கடன் கேட்டு, புயலைச் சமாளித்ததற்கு வாழ்த்தும் சொன்னேன். அதன் பிறகுதான் மாலுமிகள் பட்டியலைக் கேட்க வேண்டும். அதற்குள் கேப்டன் ஒரு பெருமூச்சு விட்டு, அலமாரியைத் திறந்து, ஒரு கார்ட்டன் சிகரெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தோடு வருகிறவன் காரணமில்லாமல் நிறையப் பேசினால், அவனுக்குச் சிகரெட் வேண்டும் என்று அர்த்தம். நான் புகைப்பதில்லை. பதறிப்போய், அது வேண்டாம் என்பதை இன்னொரு மரபுத்தொடரில் சொன்னேன். கேப்டன் என்னைக் கொஞ்சநேரம் முறைத்துவிட்டு இரண்டாவது கார்ட்டனையும் எடுத்துக் கொடுத்தார். துறைமுக கேட்டில் பிடிபட்டுவிடுவேனே என்று, ஏணியடியில் நின்ற வாட்ச்மேனிடம் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முதல் அவர் என் இங்கிலீஷுக்குப் பெரிய ரசிகர். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன பேசப் போறிய?" என்று ஆவலோடு கேட்பார்.

ரிப்போர்ட் கேட்ட எட்வின் சார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மொழிக்குத் திறக்காத கதவே கிடையாது, மிஸ்டர் பொன்ராஜ்."

இனி மிக்கேல் விஷயம். ஜெனிபருக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

மிக்கேல் புன்னைக்காயல்காரன். கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற கிரேனை ஓட்டுகிறவன்; எங்கள் பக்கம் வின்ச்மேன் என்போம். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் ஏன் கிரேனுக்கு வந்தான் என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். படகு கரையை விட்டு நகர்ந்தால் அவனுக்குக் குமட்டும். ஆற்று முகத்துவாரம் தாண்டுவதற்குள் வாந்தி. புன்னைக்காயலில் பிறந்த ஓர் ஆம்பிளைக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது. கட்டிப் போட்ட கப்பலில், கிரேன் கேபினில் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது. அந்தக் கேபின்தான் அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது சொல்ல அவனே அனுமதி கொடுத்துவிட்டான்.

ஒரு சித்திரை மாதத்துப் பகல். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டைகள் வந்திருந்தன. மூட்டைகளைக் கயிற்று வளையத்தில் கட்டித் தூக்குவார்கள், அந்தக் கட்டுக்கு ஸ்லிங் என்று பெயர். மிக்கேல் ஒரு ஸ்லிங்கைத் தூக்கி, கப்பலைக் கட்டுகிற மேடையான வார்ஃபுக்கு மேலே கொண்டுவந்தபோது கயிறு அறுந்தது. ஸ்லிங் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. ஃபோர்மேன் லிங்கம் அண்ணாச்சியின் மொபெட் நின்றது. மொபெட் அப்பளமாகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். நான் வார்ஃபிலேயே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

இப்படி ஏதாவது நடந்தால் ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஓர் அறிக்கை போக வேண்டும். ஐந்து பத்தி. என்ன நடந்தது, வேலை எவ்வளவு நேரம் நின்றது, சரக்குக்கு என்ன சேதம், வேறு என்ன சேதம், கடைசியில் விசாரித்து முடிவு சொல்லுங்கள் என்று ஒரு வேண்டுகோள். பத்திக்குப் பத்தி ஸ்லிங் விழுந்ததைக் குறிப்பிட்டாக வேண்டும். நான் அவசரத்தில் எல்லா இடத்திலும் 'த ஸ்லிங் ஃபெல்', 'த ஸ்லிங் ஃபெல்' என்று அடித்து, எட்வின் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் முதல் 'ஃபெல்'லை விட்டுவிட்டு மற்ற நாலையும் சிவப்பில் வட்டமிட்டார். வட்டமிடும்போது அவர் முகத்தில் நிஜமான வலி தெரிந்தது.

"மிஸ்டர் பொன்ராஜ், இதை வாசிப்பவருக்குக் காது இருக்கும் என்பதை மறந்துவிட்டீர்களா?"

"'மேற்படி' ஸ்லிங்னு போட்டுக்கலாமா சார்?"

"மேற்படியா? அது வக்கீல் ஆபீஸ் வாடை."

உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம். நான்தான் 'ப்ளம்மெட்டட்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தேன். அதற்கு ஒரு மக்ரூன் கிடைத்தது, தின்றேன். கடைசியில் தயாரான அறிக்கை இப்படி இருந்தது. முதல் பத்தியில் ஸ்லிங் ஃபெல். இரண்டாவதில் லோட் ப்ளம்மெட்டட். மூன்றாவதில் கன்சைன்மென்ட் டம்பிள்ட். நாலாவதில் பண்டில் கிராஷ்ட். ஐந்தாவதில் கார்கோ, அச்சமூட்டும் திடீர்த்தன்மையோடு கீழ்நோக்கி இறங்கியது. மொபெட்டும் சும்மா இருக்கவில்லை. டூ வீலராகி, வெகிக்கிளாகி, கன்வேயன்ஸாகி, ஐந்தாவது பத்தியில் 'மெக்கானிக்கல் ஸ்டீட்' ஆயிற்று. இயந்திரக் குதிரை என்று அர்த்தம். அந்த வார்த்தை கிடைத்தபோது எட்வின் சார் தனக்கே ஒரு மக்ரூன் எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. ஆள் பெயருக்கு ஒத்த சொல் கிடையாது. அதனால் ஐந்து பத்தியிலும் மாறாமல் நின்றது மிக்கேலின் பெயரும் அவன் பேட்ஜ் நம்பரும்தான்.

பத்து நாள் கழித்து மிக்கேல் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். கையில் ஒரு கவர்.

"அண்ணாச்சி, இத வாசிச்சுச் சொல்லுங்க. வேலைக்கு வராதன்னுட்டாவ."

வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசித்தேன்.

"ஏலே, ஒரே ஷிப்டுல அஞ்சு விபத்துன்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான்.

"ஒரு தடவதான விழுந்திச்சி? அதுவும் கயிறுல்லா அந்துச்சி? நீங்களும் அங்கனதான நின்னிய? பேட்ஜப் பிடுங்கிட்டாம்னா நான் எங்கன போவேன் அண்ணாச்சி? மச்சான் போட்டுலதான் ஏறணும். ஊரே கரையில நின்னு பாக்கும். நான் வாந்தி எடுக்கதப் பாக்குததுக்குன்னே டவுன்லயிருந்து பஸ் புடிச்சி வருவாவ."

விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. கவரை எடுத்துக்கொண்டு எட்வின் சாரிடம் போனேன். அவர் நிதானமாக வாசித்து மடித்துக் கொடுத்தார்.

"படித்தவனுக்குப் புரியும், மிஸ்டர் பொன்ராஜ். படிக்கத் தெரியாதவனுக்கு நாம் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

மேலே பேச எனக்குத் தைரியம் இல்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், ப்ளம்மெட்டட் என்னுடையது. ஐந்து விபத்தில் ஒன்றை நடத்தியவன் நான். அதற்குரிய மக்ரூனையும் தின்றுவிட்டேன்.

விசாரணை நடந்தது துறைமுகத்தில் ஒரு நீள அறையில். நடுவில் விசாரணை அதிகாரி. ஓய்வுபெற்ற கேப்டன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பக்கத்தில், கப்பல்காரர்களின் இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்த ஒரு சர்வேயர், டை கட்டிய இளைஞர். பாவம், மூன்று நாளாக வார்ஃபில் அலைந்து வெயிலில் கறுத்திருந்தார். ஓர் ஓரத்தில் மிக்கேல், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போடுகிற சட்டையில். அவன் பக்கத்தில், மொபெட்டைப் பறிகொடுத்த லிங்கம் அண்ணாச்சி. எட்வின் சார் முழுக்கையில். அவருக்குப் பின்னால் ஃபைலோடு நான்.

"மற்ற நாலு ஸ்லிங்கும் எங்க கிடக்குன்னு கண்டுபிடிக்க முடியலை சார்," என்றார் சர்வேயர். "மொபெட் தவிர மத்த மூணு வண்டியும் கிடைக்கலை. குதிரை பற்றி யாருமே வாய் திறக்க மாட்டேங்கறாங்க."

விசாரணை அதிகாரி லிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தார். "ஒமக்கு எத்தன வண்டிவே?"

"ஒண்ணுதான் ஐயா." கொஞ்சம் யோசித்து, "ஆனா இங்கிலீஷ்ல அஞ்சுன்னு இருந்தா, அத நான் எதுக்கு மறுக்கணும்?" என்றார்.

"மிக்கேல், நீ சொல்லு. எத்தன தடவ விழுந்திச்சி?"

"ஒரு தடவ ஐயா. மாதா மேல சத்தியமா."

சரக்கு எண்ணுகிற கிளார்க்கின் சீட்டிலும் 'ஒரு ஸ்லிங் டவுன்' என்றுதான் இருந்தது. ஆனால் அது பென்சில் எழுத்து, கசங்கிய தாள். எங்கள் அறிக்கையோ லெட்டர்ஹெட்டில் இருந்தது. சர்வேயர் அதைத் தூக்கிக் காட்டினார். "சார், இவ்வளவு உயர்ந்த இங்கிலீஷ் எழுதுற ஆபீஸ், இல்லாததை எழுதுமா?"

விசாரணை அதிகாரி எட்வின் சார் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. மொத்தம் எத்தனை?"

எட்வின் சார் எழுந்து, கோட்டைச் சரிசெய்கிற மாதிரி சட்டையைச் சரிசெய்துகொண்டு, இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார். துரதிர்ஷ்டமான இந்த மிஷாப் என்று தொடங்கினார். இத்தகைய அக்கரன்ஸ் அரிது என்றார். இந்த மிஸ்அட்வெஞ்சரை வாசகர் சரியாகப் புரிந்துகொண்டால், என்று நீட்டி, இந்த கான்ட்ரடாம் என்று முடித்தார். நாலும் அந்த ஒரே விபத்துக்குப் பெயர்கள். சர்வேயர் தலைகுனிந்து எழுதிக்கொண்டே வந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு தலைநிமிர்ந்து மரியாதையாகக் கேட்டார்: "சார், கான்ட்ரடாம் எந்தத் தேதியில் நடந்தது?"

மிக்கேலுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எழுதுகிற பேனாவைப் பார்க்கத் தெரியும். கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"சார், நீங்க பேசப் பேச எனக்குக் கூடிக்கிட்டே போவுது. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், பேசாதிய!"

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஃபைல் மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. ஒரு தடவைதான்.

"ஐயா, விழுந்தது ஒண்ணுதான். எங்க ஆபீஸ்ல ஒரு லெட்டர்ல ஒரு வார்த்தை ஒரு தடவைதான் வரணும். அதுக்காக மாத்தி மாத்திப் போட்டது."

"ஏன் வரக்கூடாது?"

"வழக்கம் ஐயா. ரொம்ப வேலை செஞ்ச வார்த்தைக்கு லீவு கூட உண்டு."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வார்த்தைக்கு லீவா?"

"ஆமா ஐயா."

"எத்தன நாளு?"

"கேஸப் பொறுத்து ஐயா. 'கைண்ட்லி' போன தடவ வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்திச்சி."

"சம்பளத்தோடயா?"

அறையில் யாரோ சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை. "ஆளைக் காப்பாத்தறதுக்காக இவர் சொல்றார் சார். எந்த ஆபீஸ்லயாவது இப்படி நடக்குமா?" என்றார். நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாரும் எட்வின் சாரைப் பார்த்தார்கள். ஊரில் யார் வீட்டு மேல்படிப்பு விண்ணப்பமானாலும், எந்தச் சபையின் கடிதமானாலும், அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். அவருடைய இங்கிலீஷ்தான் அவருடைய ஆஸ்தி. அது தப்பு என்று அவரே சொல்ல வேண்டும். இல்லையென்றால் மிக்கேல் படகில் ஏற வேண்டும். அவர் மிக்கேலைப் பார்த்தார். கூப்பிய கையை அவன் இன்னும் இறக்கவில்லை.

எட்வின் சார் வாயைத் திறந்தார். தமிழ் வந்தது. சுத்தமான நாசரேத்துத் தமிழ்.

"ஒரு தடவதான் ஐயா விழுந்திச்சி. மத்த நாலையும் போட்டது நான்."

ப்ளம்மெட்டட் என்னுடையது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் அமர்த்திவிட்டார்.

விசாரணை அதிகாரிக்கு அது போதவில்லை. ஃபைலில் ஏறியது எழுத்து, எழுத்தாலேயே இறங்க வேண்டும் என்றார். அங்கேயே ஒரு டைப்ரைட்டர் வந்தது. எட்வின் சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் 'ஃபெல்' சாதாரணமாக வந்தது. இரண்டாவதற்கு முன் நீண்டநேரம் ஜன்னலைப் பார்த்தார். மூன்றாவதற்குத் தண்ணீர் கேட்டார். நாலாவதை அவர் சொல்லவேயில்லை, தலையை மட்டும் அசைத்தார், நான் அடித்தேன். ஐந்தாவதில் கண்ணை மூடிக்கொண்டார். எல்லா இடத்திலும் ஸ்லிங், எல்லா இடத்திலும் மொபெட், எல்லா இடத்திலும் ஃபெல். கையெழுத்துப் போடும்போது, அடுத்தவன் கடிதத்தில் போடுகிற மாதிரிச் சின்னதாகப் போட்டார்.

விசாரணை அதிகாரி ஒரே மூச்சில் வாசித்தார். "இப்பத்தான் எனக்குப் புரியுது. ஒங்க ஆபீஸ்லயிருந்து இதுவரைக்கும் வந்த லெட்டர்லயே இதுதான் நல்லாயிருக்கு."

எட்வின் சார் முகம் அப்போது போன போக்கை, என்னிடம் இருக்கிற ஒத்த சொற்கள் அத்தனையையும் செலவழித்தாலும் சொல்ல முடியாது.

கயிறு பழசு என்று தீர்ப்பாகி, மிக்கேலுக்குப் பேட்ஜ் திரும்பக் கிடைத்தது. லிங்கம் அண்ணாச்சிதான், நாலு மொபெட்டை ஒரே நாளில் பறிகொடுத்தவர் போல வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் நான் முதல் வேலையாகக் கீழ் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். ஒரே கடிதத்தில் ஐந்து தடவை உழைத்த 'ஃபெல்', சட்டப்படி அங்கேதான் படுத்திருக்க வேண்டும். இல்லை. மேல் இழுப்பறையில் இருந்தது. அட்டை ஓரத்தில் திரும்பும் நாளுக்குப் பதிலாக, இந்த வார்த்தைக்கு லீவு கிடையாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். மற்ற வார்த்தைகளுக்கு வழக்கம்போல் லீவு தொடர்ந்தது. மனிதன் ஒரே நாளில் எவ்வளவுதான் திருந்த முடியும்?

ஆபீசில் அவர் அதற்குப் பிறகு தமிழ் பேசவில்லை. வார்ஃபில் மட்டும், மிக்கேல் கேபினிலிருந்து இறங்கி வருகிற நேரம் இவரும் அங்கே இருந்தால், நின்று கேட்பார்: "விழுந்திச்சா?"

"இல்ல சார்."

"நல்லது."

அவ்வளவுதான் பேச்சு. ரிட்டையர் ஆகும் வரை இருவரும் அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

எட்வின் சார் இப்போது இல்லை. மரப்பெட்டி இருக்கிறது, ஜெனிபர் அதன்மேல் பிரிண்டரை வைத்திருக்கிறாள். அந்த ஐந்து 'ஃபெல்' கடிதத்தின் நகல் ஒன்றை மிக்கேல் அப்போதே கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான். அதைப் படம் எடுத்து ஜெனிபருக்கு அனுப்பலாம் என்று அவனுக்குப் போன் போட்டேன். அவனும் ரிட்டையர் ஆகி, புன்னைக்காயலில் வீட்டோடு இருக்கிறான்.

"அது எதுக்கு இப்பம்?" என்றான்.

விஷயத்தைச் சொன்னேன். சிவப்புக் கோடு, ஒன்பது 'வெசல்', கம்ப்யூட்டரின் யோசனை.

"அண்ணாச்சி, அந்தப் புள்ளகிட்ட இப்பம் கப்பல் எத்தன இருக்கு?"

"ஒண்ணுதாம்வே."

"அப்பம் ஒண்ணாவே இருக்கட்டும். கைய வச்சிராதன்னு சொல்லுங்க. மாத்திட்டா, மிச்ச எட்டையும் எங்கன கொண்டு போய்க் கட்டுவா?"